நாற்பத்து நான்கு சிசி

உலக்கை உரலின் அடியைத் தொட்டால்தான் வேலை.
இங்கே தொட்டால் வேலை முடிந்தது.

பிஸ்டன் மேலே வருகிறது, வருகிறது,
மூடியை இடிக்குமுன் நின்று
வந்த வழியே திரும்புகிறது.
அந்த ஒரு கணத்தில் அது விட்டுவைத்த இடம் எவ்வளவு?
என் பிழைப்பு அந்தக் கேள்வியில் ஓடுகிறது.

எல் ஆல்ட்டோ விமான நிலையச் சுவருக்குப் பின்னால்,
நாலாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில் என் பட்டறை.
பெயர்ப் பலகையில் நியேவெஸ் கல்யிசாயா என்றிருக்கும்,
கடைசி எழுத்தைக் காற்று கொண்டுபோய்விட்டது.
இங்கே தீக்குச்சியும் யோசித்துத்தான் எரியும்.
கீழே கடற்கரையில் கிடைக்கும் மூச்சில்
ஐந்தில் மூன்று பங்குதான் எங்களுக்கு.
எஞ்சினுக்கும் அதே ரேஷன்.

ஃபுல்ஹென்சியோ தார்க்கி மினிபஸ்ஸோடு வந்தான்.
பதினான்கு பேர் ஏறினால்
சேபாயோஸ் மேட்டில் மூச்சு வாங்குகிறதாம்,
நாய்கள் முந்திப் போகின்றனவாம்.
ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தேன்.
குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி, கண்ணாடித் தகட்டை ஒட்டி,
துளை வழியே மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
கேஸ்கெட் கனத்தையும் கூட்டினால் ஐம்பது சிசி.
பிஸ்டன் துடைத்து வரும் இடம் நானூறு.
நானூற்றைம்பதை ஐம்பதுக்குள் அடைக்கிறது:
ஒன்பதுக்கு ஒன்று.

"அந்த ஐம்பதும் எதற்கு? வழித்தெடுத்துவிடு" என்றான்.
வழித்தால் வால்வு பிஸ்டனில் முட்டும், அப்புறம்
நீ பதினான்கு பேரையும் முதுகில் சுமப்பாய் என்றேன்.
காற்றை என்னால் வாங்கித் தர முடியாது.
வந்த கொஞ்சத்தை இன்னும் நெருக்கிப் பிடிக்கலாம்.
இடம் பெருத்தால் இறுக்கம் தளரும்,
எரிந்து முடிந்த பழைய புகையும்
விருந்து முடிந்தும் எழாத உறவினர் மாதிரி
அங்கேயே தங்கி, புது மூச்சின் பங்கைத் தின்னும்.

ஒன்றரை மில்லிமீட்டர் சீவினேன்.
நாற்பத்து நான்கு.
பத்துக்கு ஒன்று, கொஞ்சம் மேலே.
மறுநாள் மேட்டில் நாய்கள் பின்தங்கின.
அதற்கு மேல் ஒன்றும் பெரிதாக மாறவில்லை,
ஆனால் அவன் இரண்டு வாரம் விசிலடித்துக்கொண்டே திரிந்தான்.

ஜூனில் கொழுந்தியாள் கூப்பிட்டாள்: கரனாவியில் ஆரஞ்சு விளைச்சல்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
லா கும்ப்ரே கணவாயைத் தாண்டி
மேகத்துக்குள் இறங்கி, மேகத்துக்கு வெளியே இறங்கி,
அறுநூறு மீட்டருக்குப் போய்விட்டான்.
அங்கே காற்று கஞ்சி மாதிரி கெட்டி.
இங்கே அரை வயிறு உண்டு பழகிய சிலிண்டருக்கு
அங்கே தட்டு நிறையப் பரிமாறினார்கள்,
உட்கார இடமோ நான் சீவிய அதே நாற்பத்து நான்கு.

ஆரஞ்சை ஏற்றிக்கொண்டு திரும்பும் முதல் மேட்டில் போன் செய்தான்.
பேசவில்லை. போனை எஞ்சின் பக்கம் நீட்டினான்.
கிண் கிண் கிண் கிண் —
தகர டப்பாவில் யாரோ ஆணியைக் குலுக்குவதுபோல்.
பொறி பற்றவைத்த தீ வந்து சேருமுன்
மூலையில் மிச்சம் தானாக வெடிக்கும் சத்தம்.
"பெடலை அமுக்காதே, கியரைக் குறை,
டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூலளவு பின்னால் திருப்பு."
"சரி" என்றான்.
அவன் 'சரி' எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் ஒரு மர லாரி அவனைக் கட்டி இழுத்து வந்தது.
மூன்றாம் பிஸ்டனின் தலையில் ஓட்டை,
விளிம்பு உருகி, கடித்த ரொட்டி போல.
ஒரு மூட்டை ஆரஞ்சை வாசலில் இறக்கிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

தப்பு அவனுடையது மட்டுமா?
எங்கே ஓட்டுவாய் என்று நான் கேட்கவில்லை.
அளவு கேட்டேன், ஊர் கேட்கவில்லை.

கனமான கேஸ்கெட் போட்டேன். நாற்பத்தெட்டு.
மேட்டில் ஒரு நாயாவது இனி முந்தும்.
"எதுதான் சரியான எண்?" என்கிறான் உரித்துக்கொண்டே.
சாறு என் கணக்குத் தாளில் விழுந்து
எட்டை மட்டும் கரைத்துவிட்டது.

பழைய பிஸ்டனைச் சாம்பல் கிண்ணமாக மேசையில் வைத்திருக்கிறேன்.
ஓட்டை வழியே எல்லாம் கீழே கொட்டுகிறது.
அதற்கென்று அடியில் இன்னொரு தட்டு.